குளூட்டன் நீக்கிய உணவு: மருத்துவமனையிலிருந்து பந்திக்கு

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதி. கோதுமை மாவைப் பிசையும்போது அது இழுபடுவதும் ஒட்டுவதும் இதனால்தான். பெரும்பாலானவர்களுக்கு இதனால் தீங்கில்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கோ இது சிறுகுடலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய குடலுறிஞ்சிகளைச் சிதைத்துவிடுகிறது. உண்டது உடலில் சேராது. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, எலும்பு மெலிவு, குழந்தைகளில் வளர்ச்சிக் குறைவு ஆகியவை தொடர்ந்து வரும். வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே இன்றும் இதற்கான சிகிச்சை.

இச்சிகிச்சையின் வரலாறு வழக்கமாக மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அந்த வரலாறு 1950-களில் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. எதை உண்ணக்கூடாது என்று அப்போது தெரிந்துவிட்டது. அடுத்தவர் சமைத்ததை எப்படி நம்பி உண்பது என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுந்தது. உணவகம், திருமண வீடு, பள்ளி உணவுக்கூடம், வழிபாட்டிடம் என்று ஒவ்வொரு இடத்திலும் அதற்குத் தனித்தனியாக விடை தேடவேண்டியிருந்தது.

நோயும் முதல் உணவுமுறைகளும்

கப்படோசியாவைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் அரெட்டேயஸ், செரிக்காத உணவு அப்படியே வெளியேறும் நாள்பட்ட வயிற்று நோய் ஒன்றை விவரித்திருக்கிறார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே சீலியாக் என்ற பெயர் வந்தது. நவீன மருத்துவத்தில் இந்நோயைத் தெளிவாக வரையறுத்தவர் லண்டனைச் சேர்ந்த சாமுவேல் கீ. கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் 1887-இல் அவர் ஆற்றிய உரை அடுத்த ஆண்டு அச்சாயிற்று. நோயாளி குணமாவதென்றால் உணவின் வழியாகவே குணமாக முடியும் என்று கீ கருதினார். திசை சரி. ஆனால் எந்த உணவு என்பதில் அவர் தடுமாறினார். அரிசியும் சவ்வரிசியும் ஆகாது என்று விலக்கினார். மெல்லியதாக நறுக்கி இருபுறமும் வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். தமிழ் வாசகருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். மருந்தாகியிருக்க வேண்டியது விலக்கப்பட்டு, நஞ்சு தட்டில் வைக்கப்பட்டது.

கீ பதிவுசெய்த ஒரு குழந்தையின் கதை புகழ்பெற்றது. ஒவ்வொரு நாளும் டச்சுக் கடற்சிப்பிகளை உண்ட அக்குழந்தை நன்றாகத் தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியது. அடுத்த ஆண்டு சிப்பி மீண்டும் கிடைத்தபோது குழந்தை அதைத் தொட மறுத்துவிட்டது. உணவே மருந்து என்னும் முறையின் அடிப்படைச் சிக்கல் இதில் இருக்கிறது. மருந்தை ஒரு வேளை விழுங்கிவிடலாம், உணவை எல்லா நாளும் உண்டாக வேண்டும்.

நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ் 1924-இல் வாழைப்பழ உணவுமுறையை வெளியிட்டார். ரொட்டி, உருளைக்கிழங்கு, தானியங்கள் ஆகியவற்றை நீக்கி, வாழைப்பழத்தை மையமாக வைத்த முறை அது. குழந்தைகள் பலர் பிழைத்தனர். அதற்கு உண்மையான காரணம் அவர்கள் தட்டிலிருந்து கோதுமை மறைந்ததுதான். பெருமை முழுவதும் வாழைப்பழத்துக்குப் போயிற்று. நோய் முற்றிலும் தீர்ந்துவிடும் என்று ஹாஸ் நம்பியதால், தேறிய குழந்தைகள் மீண்டும் ரொட்டிக்குத் திரும்பினர். அவர்களுடைய குடல் மறுபடியும் கெட்டது.

டிக்கேயும் பஞ்ச காலமும்

கோதுமையைக் கண்டுகொண்டவர் நெதர்லாந்தின் வில்லம் கரேல் டிக்கே. 1936-இல் தன் முப்பத்தொன்றாம் வயதில் ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்கு இயக்குநரானார். ரொட்டியை நிறுத்தியதும் தன் குழந்தை தேறியதாக ஒரு தாய் சொன்னது அவரைச் சிந்திக்க வைத்தது என்று சொல்லப்படுகிறது. 1930-களிலேயே சில குழந்தைகளுக்குக் கோதுமை இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார். ரொட்டியைத் தவிர்க்கும் எளிய உணவுமுறை ஒன்றை 1941-இல் டச்சு மருத்துவ இதழில் எழுதினார்.

பிறகு பஞ்சம் வந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் உணவு வழிகளை அடைத்ததால் மேற்கு நெதர்லாந்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மக்கள் துலிப் மலர்க் கிழங்குகளை அவித்து உண்டனர். நாடே பட்டினியில் வாடிய அந்த மாதங்களில் சீலியாக் குழந்தைகளின் நிலை மோசமாகவில்லை. ரொட்டி மீண்டும் வந்தபோது நோயும் மீண்டும் வந்தது. பஞ்சம்தான் இக்கண்டுபிடிப்பைத் தந்தது என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது கதையைச் சுவையாக்குகிறது. உண்மையில் பஞ்சம் அவர் முன்பே கொண்டிருந்த ஐயத்தை உறுதிசெய்தது, அவ்வளவுதான்.

டிக்கே 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டை அளித்தார். குழந்தைகள் உண்ட தானியத்தை மாற்றி மாற்றி, மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து காட்டியது அதன் வலிமை. இதற்கான அளவீட்டு முறையை வேதியியலாளர் வான் டி காமர் உருவாக்கியிருந்தார். 1952-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழுவினர், தீங்கு செய்வது மாவுச்சத்து அல்ல, குளூட்டன்தான் என்று காட்டினர். சில ஆண்டுகளில் குடலிலிருந்து சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதிக்கும் கருவிகளும் வந்தன. மார்கோ ஷைனரின் குழாயும் கிராஸ்பி குப்பியும் அவற்றில் முதன்மையானவை. குழந்தை நோயாகக் கருதப்பட்டது பெரியவர்களுக்கும் உண்டு என்பது தெளிவாயிற்று. நோயாளி என்பவர் இனி வார்டில் படுத்திருக்கும் குழந்தை மட்டும் அல்லர். அலுவலகம் போகிறவரும், விருந்துக்கு அழைக்கப்படுகிறவரும், சில சமயம் விருந்து வைக்கிறவருமே நோயாளிகள்.

வீட்டுக்கு வெளியே

மருத்துவமனைச் சமையற்கட்டில் கோதுமையை விலக்குவது ஓர் ஆணையில் முடியும். வீட்டில் தாயின் உழைப்பில் முடியும். வெளியிடத்தில் அப்படி இல்லை. குழம்பைக் கெட்டியாக்கக் கலந்த ஒரு கரண்டி மைதா, முன்பு பாஸ்தா வெந்த அதே நீர், ரொட்டித்தூள் ஒட்டிய கத்தி ஆகியவை உண்பவர் கண்ணுக்குத் தெரியாதவை. சமையற்காரருக்கும் அவை பொருட்டல்ல. ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ இரண்டு கிராம் குளூட்டன் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்தால் குடல் சிதையத் தொடங்குவதாக இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டனர். அதாவது அந்த ரொட்டித் துண்டின் நாற்பதில் ஒரு பங்கு.

ஆகவே நோயாளிகள் முதலில் தங்களுக்குள் ஒன்றுசேர்ந்தனர். பிரித்தானியாவின் சீலியாக் சங்கம் 1968-இல் தொடங்கியது. அதை நிறுவியவர்களுள் ஒருவர் பீட்டர் பெனன்சன். மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனலைத் தொடங்கியவரும் அவரே. அவருக்கும் இந்நோய் இருந்தது. எந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று நிறுவனங்களைக் கேட்டுப் பட்டியல் தொகுப்பது இத்தகைய சங்கங்களின் முதன்மைப் பணியாக இருந்தது. இன்று உலகெங்கும் அறியப்படும் குறுக்குக் கோடிட்ட கோதுமைக் கதிர்ச் சின்னம் பிரித்தானியச் சங்கத்துடையது. அயல்நாட்டுப் பயணத்தில் சமையற்காரரிடம் நீட்ட, அந்தந்த மொழியில் நோயை விளக்கும் சிறு அட்டைகளும் வழக்கத்துக்கு வந்தன.

அடுத்த தேவை ஓர் எண். 'குளூட்டன் இல்லாதது' என்றால் எவ்வளவு இல்லாதது? உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1979-இல் ஒரு வரையறையை ஏற்றது. அதைத் திருத்தி 2008-இல் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே வரம்பு 2012 தொடக்கம் முதல் நடைமுறையானது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் அதே எண்ணை அறிவித்தது. 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய உணவகங்கள் தாம் பரிமாறும் உணவில் உள்ள பதினான்கு வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிக் கேட்பவருக்குத் தகவல் தரவேண்டும் என்ற சட்டமும் வந்தது. குளூட்டன் கொண்ட தானியங்களும் அப்பட்டியலில் உள்ளன. அதுவரை தயவாகக் கேட்கப்பட்டது அன்றுமுதல் உரிமையாயிற்று.

இத்தாலி

இந்த உரிமையை மிக விரிவாக நடைமுறைப்படுத்திய நாடு இத்தாலி. பீட்சாவும் பாஸ்தாவும் இல்லாமல் அங்கே நண்பர்கள் கூடும் மாலைப்பொழுது இல்லை. கோதுமையை விட்டவர் ஏறத்தாழ ஊரை விட்டவர் ஆகிவிடுவார். அதனால்தான் அந்த நாடு இதை உணவுப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல் சமூகப் பிரச்சினையாகப் பார்த்தது என்று கருதலாம்.

நோயாளிகளின் குடும்பங்கள் 1979-இல் இத்தாலிய சீலியாக் சங்கத்தைத் தொடங்கின. 2005 ஜூலையில் நிறைவேறிய 123-ஆம் எண் சட்டம் சீலியாக் நோயைச் 'சமூக நோய்' என்று ஏற்றது. பள்ளி, மருத்துவமனை, அரசு நிறுவன உணவுக்கூடங்கள் கேட்பவர்களுக்குக் குளூட்டன் இல்லாத உணவைத் தரவேண்டும் என்றது. உணவகத்தாருக்கும் விடுதிக்காரர்களுக்கும் தரும் தொழிற்பயிற்சியில் இதையும் சேர்க்கச் சொன்னது. நோய் உறுதிசெய்யப்பட்டவர்களுக்குத் தனி உணவு வாங்க மாதந்தோறும் அரசு உதவித்தொகை தருகிறது. 2018-இல் திருத்தப்பட்ட அளவின்படி 18 முதல் 59 வயதுவரையிலான ஆணுக்கு 110 யூரோ, பெண்ணுக்கு 90 யூரோ.

சட்டத்தைவிடச் சுவாரசியமானது சங்கம் நடத்தும் உணவக வலைப்பின்னல். சேர விரும்பும் உணவகம் பயிற்சி பெறவேண்டும், ஆய்வுக்கு உட்படவேண்டும். பீட்சாக் கடையில் இது எளிதன்று. வெறும் மாவுத் தூசியே காற்றில் பறந்து பக்கத்துத் தட்டில் படியும். தனி மேடை, தனிப் பாத்திரங்கள், மாவு படாத உடை, பாஸ்தா வேக வைக்கத் தனி நீர் என்று ஒவ்வொன்றும் கவனிக்கப்படுகிறது. இன்று இத்தாலி முழுவதும் சில ஆயிரம் இடங்கள் இதில் உள்ளன. சிறிய ஊரிலும் ஒரு கடை கிடைத்துவிடும். குடும்பத்தில் ஒருவருக்கு நோய் என்றால் மற்ற ஒன்பது பேரும் அவருக்காக அந்தக் கடையையே தேர்ந்தெடுப்பார்கள் என்பதை வணிகர்கள் விரைவில் புரிந்துகொண்டனர். வலைப்பின்னல் வளர்ந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

அப்பமும் சடங்கும்

உணவகத்தை மாற்றிக்கொள்ளலாம். சடங்கை மாற்றிக்கொள்வது கடினம். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனதாகவே இருக்கவேண்டும் என்பது திருச்சபை விதி. கார்டினல் ராட்சிங்கரின் கையெழுத்துடன் 1995-இல் வந்த கடிதம், குளூட்டன் முற்றிலும் நீக்கிய அப்பம் செல்லாது, குறைந்த அளவு இருந்தால் செல்லும் என்றது. சீலியாக் நோயுள்ளவர்களைக் குருத்துவத்துக்கு ஏற்கலாகாது என்றும் அது சொன்னது. 2003-இல் இது தளர்ந்தது. குளூட்டனைப் பெரும் தீங்கின்றி உட்கொள்ள முடியாதவரைக் குருத்துவத்துக்கு ஏற்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்றாயிற்று.

பொதுமக்களுக்குத் திராட்சை இரசத்தை மட்டும் அருந்தும் வழி இருந்தது. ஆனால் குழந்தைகளுக்குப் புதுநன்மை என்பது தோழர்களுடன் வரிசையில் நின்று பெறும் நிகழ்வு. 2004-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அரிசி அப்பத்தில் பெற்ற புதுநன்மையை மறைமாவட்டம் செல்லாது என அறிவித்தது பெரும் விவாதமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் மிசௌரி மாநிலம் கிளைட் ஊரின் பெனடிக்டின் கன்னியர், பல ஆண்டு முயற்சிக்குப் பின், கோதுமை மாவுச்சத்திலிருந்து 0.01 சதவீதம் மட்டுமே குளூட்டன் கொண்ட அப்பத்தை உருவாக்கினர். விதியும் காக்கப்பட்டது, குடலும் பெரும்பாலும் காக்கப்பட்டது. பல்கலைக்கழக ஆய்வகம் செய்திருக்கக்கூடிய ஒன்றை ஒரு மடத்தின் அடுப்படி செய்தது. 2017-இல் வத்திக்கான் பழைய விதியை மீண்டும் உறுதிசெய்தது.

யூதர்களின் பாஸ்கா விருந்திலும் இதே சிக்கல் உண்டு. புளிக்காத மாட்சா ரொட்டியை மரபு ஏற்கும் ஐந்து தானியங்களில் ஒன்றால்தான் செய்யவேண்டும். அவற்றுள் ஓட்ஸ் ஒன்று. அதில் குளூட்டன் இல்லை. பெரும்பாலான நோயாளிகள் அதைத் தாங்கிக்கொள்கின்றனர். கோதுமை கலவாமல் விளைவித்த ஓட்ஸ் மாட்சா இங்கிலாந்தில் உருவாகி, பிற நாடுகளுக்கும் செல்கிறது.

பெயர்ப்பலகையும் உண்மையும்

2010-க்குப் பின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நோயில்லாதவர்களும் குளூட்டனைத் தவிர்ப்பது பரவியது. நோயாளிகளுக்கு இதில் நன்மையும் தீமையும் சேர்ந்தே வந்தன. பத்து ஆண்டுகளுக்கு முன் பெயரே தெரியாத ஒன்றை உணவகங்கள் பட்டியலில் அச்சிட்டன. அதே சமயம், கேட்பவர் மோகத்தால் கேட்கிறாரா நோயால் கேட்கிறாரா என்று பரிமாறுபவருக்குத் தெரியாமல் போயிற்று. முன்னவருக்கு ஒரு துளி மாவு பட்டால் ஒன்றுமில்லை. பின்னவருக்கு அப்படியல்ல.

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஓர் அளவைத் தந்தது. கையடக்கக் கருவி கொண்டு வாடிக்கையாளர்கள் அமெரிக்க உணவகங்களில் செய்த 5,624 சோதனைகளை அவர்கள் தொகுத்தனர். குளூட்டன் இல்லை என்று விற்கப்பட்ட உணவில் 32 சதவீதத்தில் குளூட்டன் தென்பட்டது. பீட்சாவிலும் பாஸ்தாவிலும் ஏறத்தாழ பாதி. சந்தேகம் வந்த தட்டையே மக்கள் அதிகம் சோதித்திருப்பார்கள். கருவி மிக நுண்ணிய அளவையும் காட்டிவிடும். இவற்றைக் கழித்தாலும் எண் சிறியதல்ல.

இந்தியாவும் தமிழகமும்

வட இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் இருப்பது 1960-களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாயிற்று. ஆயினும் நெடுங்காலம் இது வெள்ளையரின் நோயாகவே கருதப்பட்டது. 2016-இல் வெளிவந்த ஆய்வு இருபத்துமூவாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் பெரியவர்களைச் சோதித்தது. வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. நோய்க்கு இடமளிக்கும் மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தன. வேறுபட்டது உணவு. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார், தெற்கில் 25 கிராம். தெற்கில் நோய் குறைந்ததற்குக் கோதுமை குறைந்ததும் ஒரு காரணமாகலாம்.

கோதுமை தமிழ்நாட்டுச் சமையலறைக்குள் பரவலாக வந்தது பிற்காலத்தில். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் கடைகள் சமைக்கத் தெரியாத மக்களுக்குக் கோதுமையைக் கொடுத்தன. ரவா இட்லி அந்த அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்தது என்று பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம்ஸ் சொல்கிறது. நெதர்லாந்தில் ரொட்டியைப் பறித்த அதே போர் இங்கே ரவையைக் கொண்டுவந்தது.

அரிசிச் சமையல் என்பதால் தமிழ்நாட்டில் வெளியே உண்பது எளிது என்று தோன்றும். ஓரளவு உண்மைதான். இட்லி, ஆப்பம், இடியாப்பம், பொங்கல் ஆகியவற்றில் கோதுமை இல்லை. ஆனால் தோசை மொறுமொறுப்பாக வர மாவில் மைதாவோ ரவையோ சேர்க்கும் ஓட்டல்கள் உண்டு. ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்க்கப்படும். பூரி பொரித்த எண்ணெயில்தான் அப்பளமும் பொரியும். பார்லி மால்ட் கலந்த சத்துப் பானம் விருந்தினருக்கு அன்போடு நீட்டப்படும்.

யாரும் நினைக்காத இடம் பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் பகுதிகளிலிருந்து வரும் பிசின் மிகக் காரமானது. அதைப் பயன்படுத்தத் தக்கதாக்கக் கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. சாம்பார், இரசம், புளியோதரை, ஊறுகாய், முறுக்கு, நீர்மோர் என எங்கும் அது உண்டு. ஒரு சிட்டிகைதான். ஆனால் இலையில் விழும் பாதி வகைகளில் அந்தச் சிட்டிகை இருக்கும்.

திருமணப் பந்தியில் வேறொரு சிக்கலும் சேர்கிறது. ரவா கேசரியையும் சேமியா பாயசத்தையும் விலக்கிவிடலாம். விலக்குவதைப் பெண் வீட்டார் பார்ப்பார்கள். பந்தி விசாரிக்க வரும் பெரியவர், இலையில் சோறும் தயிரும் வாழைப்பழமும் மட்டும் இருப்பதைக் கண்டால் மனம் நோவார். நோயைச் சொன்னால், சர்க்கரை வியாதியா என்று கேட்டுச் சர்க்கரை போடாத வேறொன்றைக் கொண்டுவரச் சொல்வார். வடநாட்டுக் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை வேறு வடிவில் உண்டு. அங்கே ரொட்டியே சாப்பாடு.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 20 மில்லிகிராம் வரம்பையே ஏற்றுள்ளது. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள் பட்டியலில் ஒவ்வாமைப் பொருட்களைக் குறிப்பிடவேண்டும். ஒற்றைக் கடை நடத்துபவரும் கல்யாணச் சமையற்காரரும் இந்த வகைக்குள் வருவதில்லை. ஆகவே நோயுள்ளவர்கள் முந்தின நாளே சமையற்காரரைத் தேடிச் செல்கிறார்கள். பருப்பையும் ஒரு பொரியலையும் பெருங்காயம் போடுமுன் தனியே எடுத்துவைக்கச் சொல்கிறார்கள். சிலர் அரிசி மாவில் கூட்டிய பெருங்காய டப்பாவைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.